பதில்: அரிச்சல்முனையில் டப்பாவைத் தொடாமலே ‘கண்டுபிடித்தேன்’ பதிவு, நீக்கலாமா?

நீக்கலாம். ஜியோகேஷிங் என்பது ஒருவர் ஒளித்து வைத்ததை (அதுதான் ‘கேஷ்’) ஜிபிஎஸ் வைத்துத் தேடி, டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதி, இணையத்தில் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதியும் விளையாட்டு. நீங்க வைத்த டப்பாவுக்கு ஒருவர் அங்குள்ள தூண் பக்கத்தில் நின்ற போட்டோவை மட்டும் போட்டுப் பதிந்திருக்கிறார், அது போதாது. டப்பா உள்ள கேஷுக்கு நோட்டில் எழுதிய பெயர்தான் சாட்சி. அது இல்லையென்றால் பதிவை நீக்க, வைத்தவருக்கு உரிமை உண்டு.

ஆனால் இன்றைக்கே நீக்காதீங்க. வெயிலில் தேடியவருக்கு டப்பா கிடைக்காமலே போயிருக்கலாம். அங்கே காற்று மணலை வாரிக் கொட்டும். முனையின் உருவமே பருவத்துக்குப் பருவம் மாறும்.

நேரில் போய் நோட்டைப் பாருங்க. அவர் பெயர் இல்லையென்றால், ‘கிடைக்கவில்லை’ என்று மாற்றச் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்க, மாற்றாவிட்டால் நீக்குங்க. டப்பாவே இல்லையென்றால் கேஷைத் தற்காலிகமாக முடக்கி வையுங்க.

மறுபடி வைக்கும்போது குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, விதி அனுமதிக்காது. தனுஷ்கோடி சர்ச் சுவர் இடுக்கும் தயவுசெய்து வேண்டாம். 1964 புயல் விட்டுவைத்த பவளக்கல் அது, தேடுகிறவர் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் போச்சு.

என்னைக் கேட்டால் அந்த மணல்திட்டுக்கு எர்த்கேஷ்தான் சரி. டப்பா கிடையாது, இரண்டு பக்கக் கடலையும் மணலையும் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். பழைய கேஷை அப்படியே மாற்ற முடியாது, புதிதாகத்தான் பதிய வேண்டும்.