மதிப்பெண் எப்படிப் பொள்ளாச்சி போனது?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் வசிக்கிறோம். மகள் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் பள்ளியில் ஒரு தனியார் செயலி மூலம் திறனறித் தேர்வு நடத்தினார்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எல்லாரும் போட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் பயிற்சி மையங்கள் அழைக்கின்றன. மகள் பெயரைச் சொல்லி, "கணக்கில் 42 தானே, கவலை வேண்டாம், எங்களிடம் சேருங்கள்" என்கிறார்கள். பள்ளியில் கேட்டால், "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். இதற்குச் சட்டம் உண்டா? எங்கள் பெற்றோர்-ஆசிரியர் சங்கம் (பி.டி.ஏ.) எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்க நினைக்கிறது. என்ன கேட்கலாம்?

பதில்: "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்ற பதில் எல்லையோரத்தில் வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை எனக்குப் பழகிப்போன ஒன்று. அதைக் கேட்டதும் பெற்றோர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டியதில்லை. தேர்வு எழுத வைக்கச் சம்மதித்தீர்கள், அவ்வளவுதான். மாட்டை மேய்க்கக் கொடுத்தவர், பொள்ளாச்சிச் சந்தையில் விற்கவும் சேர்த்தே கொடுத்துவிட்டார் என்று எந்தப் பஞ்சாயத்தும் சொல்லாது.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. எந்தக் காரியத்துக்காகத் தகவல் கேட்கப்பட்டதோ, அந்தக் காரியத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் வருகிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சம்மதித்துவிடுகிறார். ஆனாலும் ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. உங்கள் படிவத்தில் 'பங்குதாரர்களுடன் பகிரலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தாலும் இதே நியாயந்தான். குழந்தைகளுக்கு இன்னும் ஒரு காப்பு உண்டு. 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலின்றித் தொடக்கூடாது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடை. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இனிமேல்தான். சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2023 ஆகஸ்ட் 11-இல். விதிகள் வெளியானது 2025 நவம்பரில். குழந்தைகள் பற்றிய பிரிவும் ஒப்புதல் பற்றிய பிரிவும் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாத வாக்கில்தான் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. தீர்ப்பு வந்த ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பில் பெரும்பகுதியை முடித்த பிறகுதான் சட்டம் வந்து சேர்கிறது.

அதுவரை கையில் இருப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன் 43ஏ பிரிவு கவனக்குறைவுக்கு இழப்பீடு தருகிறது. ஆனால் அதன் கீழ் வந்த 2011 விதிகளின்படி கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், கைரேகை போன்ற, கூடுதல் பாதுகாப்பு வேண்டிய 'நுண்ணிய' தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும். பெயரும் எண்ணும் கணக்கில் வாங்கிய 42-ம் அதில் வராது. உங்களுக்குப் பயன்படக்கூடியது 72ஏ. ஒப்பந்தத்தின் பேரில் சேவை தருபவர், அந்த வகையில் கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை, முறைகேடாக ஆதாயம் தேடும் நோக்கத்தோடு, ஒப்புதலின்றியோ ஒப்பந்தத்தை மீறியோ பிறருக்குக் கொடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. ஆகவே உங்கள் முதல் இலக்கு செயலி நிறுவனம்.

பள்ளிதான் விற்றது என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். ஒரு மதிப்பெண் பட்டியல் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: வகுப்பாசிரியரின் கைப்பேசி, நிறுவனத்தின் களப்பணியாளர், வாட்ஸ்அப்பில் சுற்றிய எக்ஸெல் கோப்பு. எங்கே ஒழுகியது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த முறை அழைப்பு வந்தால் கோபப்பட்டுத் துண்டிக்காதீர்கள். "விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். மகளின் பெயர் அதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஒரே பிள்ளைக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் சாதாரணம். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் கேரள வழக்கப்படி பெயருக்குப் பின்னால் நிற்கும், நாம் எழுதிக் கொடுத்தால் முன்னால் நிற்கும். எந்தப் படிவத்தின் எழுத்துக்கூட்டலோடும் பிழையோடும் அது பொருந்துகிறதோ, பட்டியல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விளம்பர அழைப்புகளை 1909-இல் புகாராகப் பதியலாம். யாராவது ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறித்திருந்தால் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும்.

பிறகு இரண்டு கடிதங்கள். தலைமையாசிரியருக்கு எழுதுவதில் குற்றச்சாட்டு வேண்டாம், கேள்விகள் போதும்: நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகல் வேண்டும், செயலி நிறுவனத்துக்கு என்னென்ன விவரம் தரப்பட்டது, யார் உத்தரவின்பேரில், தேர்வு முடிந்த பின் அந்த விவரம் அழிக்கப்பட்டதா. இரண்டாவது கடிதம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. அப்படி ஒருவரை நியமித்துப் பெயரை இணையதளத்தில் போட வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்றும் 2011 விதிகள் சொல்கின்றன. "என் மகளின் விவரம் யார் யாருக்குத் தரப்பட்டது என்று எழுதுங்கள், என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், அழித்துவிட்டு உறுதி செய்யுங்கள்" என்ற மூன்று வரி போதும். பதில் வராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் சைபர் காவல் பிரிவுக்கும் இந்தக் கடித நகல்களே ஆதாரமாகும்.

இடையில் ஒன்று. இந்தத் தேர்வுப் படிவத்தை 'அபார்' அடையாள எண்ணுக்கான படிவத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அபார் ஒன்றிய அரசின் 12 இலக்க மாணவர் எண். அது விருப்பத்தின் பேரிலானது. மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இனி மொழி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'பேச வரும், படிக்க வராது' என்ற வரிதான். படிக்கத் தெரியாத தாளில் போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்பது எப்படி? அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைப் புதிய சட்டம் நமக்குத் தருகிறது. தமிழ் அதில் இருக்கிறது. எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருந்தாலும் அந்த உரிமை குறையாது. அதைவிடப் பழைய உரிமை ஒன்றும் கேரளத்திலேயே இருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-இன்படி இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேலான சட்டம். பயன்படுத்தாமல் வைத்திருந்தது நம் தவறும்தான்.

மனுவுக்கு வருவோம். 'செயலிகளைத் தடை செய்க' என்று எழுதும் ஆசை சங்கங்களுக்கு வரும். வேண்டாம். தமிழில் ஒரு நல்ல கணிதப் பாடம் கைப்பேசியில் கிடைப்பது எல்லையோரப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். கேட்க வேண்டியது வேறு. இப்போதைய சட்டம் முழுப் பாரத்தையும் பெற்றோரின் கையெழுத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. நூறு பெற்றோர் வரிசையில் நிற்க, ஆசிரியர் அவசரப்படுத்த, "போடாவிட்டால் பிள்ளையை ஒதுக்குவார்களோ" என்ற பயத்தில் விழும் கையெழுத்தை நம்பி ஒரு சுவர் கட்ட முடியாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் சில காரியங்களை நிறுவனம் செய்யக்கூடாது என்று சட்டம் நேராகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. பள்ளிக்கென உருவான செயலி மாணவர் தகவலை விற்கக்கூடாது, அதை வைத்து விளம்பரம் செய்யக்கூடாது, பள்ளி கேட்டால் அழிக்க வேண்டும். மனுவின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.

அடுத்து ஓர் ஓட்டை. கல்வி நிறுவனங்கள் 'கல்விச் செயல்பாடுகளுக்காக'வும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணித்தால் பெற்றோர் ஒப்புதலும் தேவையில்லை, கண்காணிப்புத் தடையும் இல்லை என்று 2025 விதிகள் விலக்கு அளிக்கின்றன. கல்விச் செயல்பாடு எதுவென்ற விளக்கம் இல்லை. கல்வி புகட்டும் நிறுவனம் என்ற வரையறையோ மிக அகலம். நாளை டியூஷன் மையமும் அந்தக் குடைக்குள் நுழைந்து, 'நாங்களும் கல்வி நிறுவனந்தான்' என்று வாதாடலாம்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இழப்பீடு. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படும். அபராதமாக வரும் கோடிகள் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் அற்பமான புகார் என்று, புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் கருதினால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு! பிள்ளைக்கு இழப்பீடு வேண்டும் என்பதையும், குழந்தைகளுக்காகப் புகார் தரும் பெற்றோருக்கு இந்த அபராதம் கூடாது என்பதையும் எழுதுங்கள். இவை ஒன்றியச் சட்டத்தின் குறைகள் என்பதால் இந்தப் பக்கத்தை உங்கள் எம்.பி.க்கு அனுப்ப வேண்டும்.

எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது தனி. கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநில அரசு சட்டம் இயற்றும்வரை ஓர் அரசாணையே போதும். பள்ளிக்குள் நுழையும் எந்தச் செயலியும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ நிபந்தனையில் கையெழுத்திட வேண்டும். தமிழ், கன்னடப் பகுதிகளில் படிவம் அந்தந்த மொழியில் இருக்க வேண்டும். பட்டியலில் பெயருக்குப் பதில் எண் போட வேண்டும். முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் 2020 ஏப்ரலை நினைவூட்டுங்கள். கொரோனா நோயாளிகளின் தகவலை ஸ்பிரிங்க்ளர் என்ற வெளிநாட்டு நிறுவனம் கையாண்ட வழக்கில், ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை நீக்கிய பிறகே தகவல் தர வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நோயாளிக்கு முடிந்தது மாணவருக்கு முடியாதா?

அரசுத் தளம் என்றால் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். ஒன்றிய அரசின் திக்ஷா கல்விச் செயலியில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் பூட்டில்லாத கணினிச் சேமிப்பகத்தில் கிடந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. நிபந்தனை அரசுக்கும் சேர்த்தே வேண்டும்.

ஒரு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வெயிலில் மங்கிக்கொண்டிருந்தன. யாரும் விற்கவில்லை, வெறும் பழக்கம். உங்கள் பி.டி.ஏ. வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் படமாக வருகிறதா என்று மனுவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் காட்டும்.

மனுவையும் தலைமையாசிரியர் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். 1969 சட்டத்தைக் குறிப்பிட்டு, பதில் தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். மலையாளத்தில் பதில் வந்தால் அதைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மனுவோடு அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.