சைக்கிள் கேள்வி-பதில்: ஃபிக்ஸட் கியர் வீல் வீட்டிலேயே கட்டலாமா?

கேள்வி: 36 துளை ஃபிக்ஸட் கியர் ஹப் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் வகை) ஒன்று கைக்கு வந்திருக்குதுங்க. அப்பாவின் பழைய பெரிய சைக்கிளில் பின் ரிம் நன்றாக இருக்கிறது. அதிலேயே கட்டிக்கலாமுங்களா? ஸ்போக்ஸ் என்ன நீளம் வாங்கணும்?
- வாசகர், பெருந்துறை

பதில்: அந்த ரிம் ஆகாதுங்க. நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 துளை. உங்களுக்கு 36 துளை 700சி ரிம் வேண்டும். டயரும் புதிதுதான்: டயர் உட்காரும் விட்டம் பழையதில் 635 மி.மீ., 700சி-யில் 622 மி.மீ.; ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. ஃபிக்ஸட் கியர் (டிராக்) ஹப்பின் அகலம் பொதுவாக 120 மி.மீ. ஃபிரேமின் பின் இடைவெளியை அளந்து பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

ஸ்போக்ஸை மட்டும் கடைக்காரரின் உத்தேசத்துக்கு விடாதீர்கள். குட்டையானால் மரை பாதிதான் பிடிக்கும், நிப்பிளின் (ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) தலை அறுந்துவிடும். நீண்டால் மரை முடிந்துபோய் இறுகவே இறுகாது.

நீளம் தெரிந்த இரண்டு ஸ்போக்ஸை ரிம்மின் எதிரெதிர்த் துளைகளில் மாட்டி, முனை நிப்பிளின் ஸ்க்ரூடிரைவர் வெட்டுக்குச் சமமாக வரும்வரை திருகுங்கள். இழுத்துப் பிடித்து இரு வளைவுகளுக்கும் இடையே அளந்து, அதோடு இரண்டு நீளங்களையும் கூட்டுங்கள். 600 மி.மீ. வந்ததாக வைப்போம். பாதி 300. ஹப் துளை வட்டத்தின் விட்டம் 63 என்றால் பாதி 31.5. ஹப்பின் நடுவிலிருந்து விளிம்புத் தட்டு (ஸ்போக்ஸ் மாட்டும் வட்டத் தகடு) 35 மி.மீ. மூன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 92,217.25. 36 துளையில் மூன்று கிராஸ் (ஒவ்வொரு ஸ்போக்ஸும் அதே தட்டின் மற்ற மூன்றைக் குறுக்கே கடப்பது) போட்டால் கோணம் சரியாக 60 டிகிரி. அதனால் கொசைன் அட்டவணையே தேவையில்லை, 300-ஐ 31.5-ஆல் பெருக்கி வரும் 9,450-ஐக் கழித்தால் போதும். மிச்சத்தின் வர்க்கமூலம் 287.7. ஹப் துளையில் பாதி 1.3 போக 286.4. ஆக, 286 மி.மீ. வாங்குங்கள். தட்டுகள் இரண்டும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருந்தால் இருபுறமும் இதே நீளம்.

கோர்க்கும்போது முதல் ஸ்போக்ஸ் வால்வுத் துளைக்கு அடுத்த துளையில். பிறகு ரிம்மில் நான்குக்கு ஒன்று, ஹப் தட்டில் ஒன்று விட்டு ஒன்று. இப்படி ஒன்பது ஒன்பதாக நான்கு தவணை. முதல் இரண்டு கிராஸில் ஒரே பக்கமாகப் போகும் ஸ்போக்ஸ், மூன்றாவதில் மறுபக்கம் நுழைய வேண்டும்.

கேள்வி: வீட்டில் கட்டிய வீல் ஸ்டாண்டில் அம்பு போல ஓடியது. தெருவில் இறக்கியதும் டிக் டிக் என்று சத்தம். சாயங்காலத்துக்குள் மறுபடி பெண்டு. ஏன்?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: நிப்பிளைத் திருகும்போது ஸ்போக்ஸும் கூடவே முறுக்கிக்கொண்டிருக்கிறது. பாரம் ஏறியதும் அந்த முறுக்கு பிரிகிறது, சத்தம் அதுதான். முதல் வேலை, கோர்க்கும் முன்பே மரையில் எண்ணெய். பிறகு இறுக்கும்போதெல்லாம் கால் சுற்று கூடுதலாகத் திருகி, அதே கால் சுற்றைத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுத் திருத்தலுக்குப் பிறகும், ஒரே தட்டில் இணையாகப் போகும் இரண்டு ஸ்போக்ஸைச் சேர்த்துப் பலமாக அழுத்துங்கள். கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை பழுத்துவிடும்! பெண்டு அரை மி.மீ.க்குள் வந்தால் போதும். விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரு பக்க ஸ்போக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால், வீல் நேராக இருந்தாலும் வேலை முடியவில்லை.

கேள்வி: பட்டறையில் ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பல்சக்கரம்) வெல்டு வைத்தால் ஃபிக்ஸி, அதாவது ஃபிக்ஸட் கியர் சைக்கிள், ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், அன்னூர்

பதில்: வேண்டவே வேண்டாம். ஃப்ரீவீல் வலது மரையில் ஏறுவது. முன்னால் மிதித்தால் இறுகும், பின்னால் அழுத்தி நிறுத்தினால் கழலும். ஃபிக்ஸட் ஹப்பில் அதைத் தடுக்கத்தான் பல்சக்கரத்தைப் பூட்டும் இடது மரை வளையம் (லாக் ரிங்) தனியாக இருக்கிறது. சாதாரண ஹப்பில் அந்த மரையே கிடையாது. சரியான ஹப் வாங்கினாலும் ஒரு மேட்டில் அழுத்தி மிதித்துவிட்டு வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்குங்கள்; மேடு ஏறும்போது பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உட்காரும். முன் பிரேக் கட்டாயம். அது இல்லாமல் மருதமலைப் பாதையில் இறங்க நினைக்காதீர்கள்; செயின் அறுந்தால் உங்கள் காலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது.