குளத்துப் பிளாஸ்டிக்: போத்தலுக்கு முன் பையை எடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் வற்றிக் கிடக்கிறது. மாரிக்கு முன் துப்புரவாக்கப் போகிறோம். அள்ளும் பிளாஸ்டிக்கை அங்கேயே கொளுத்தலாமா? ஆளில்லாத மலை ஏரிகளிலும் பிளாஸ்டிக் இருக்கிறதாமே, பிறகு இதனால் என்ன பயன்? பக்கத்துக் கிணற்று நீரைக் குடிக்கலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

மலை ஏரிக் கதை உண்மைதான். 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பிரான்சின் பிரனீஸ் மலையில் ஒதுக்குப்புறமான ஓரிடத்தில், ஒரு சதுர மீற்றர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 365 நுண்பிளாஸ்டிக் துகள்கள் காற்றோடு வந்து விழுந்தன. அதை அந்த ஊரார் தடுக்க முடியாது. உங்கள் குளத்தில் கிடப்பது வேறு. அது இன்னும் கையால் எடுக்கக்கூடிய பிளாஸ்டிக்.

எதை முதலில் எடுப்பது? போத்தலை எல்லாரும் எடுப்பார்கள். போட்டோவுக்கும் எடுப்பாக இருக்கும். ஆனால் தடித்த போத்தல் இன்னும் சில மாரி தாங்கும். சொப்பிங் பை, சோறு சுற்றும் லஞ்ச் சீற், பழைய உரப்பை இவைதான் அவசரம். வெயில் பட்டுப் பட்டு மொறுமொறுத்துப்போய், தொட்டாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். ஐப்பசி மழை அடித்தால் 5 மில்லிமீற்றருக்கும் சிறிய துண்டுகளாகிச் சேற்றோடு கலந்துவிடும்; அப்புறம் எந்த வலையாலும் அள்ள முடியாது. அதனால் குப்பைவாரியால் இழுக்காமல் கையுறை போட்டு மெதுவாகப் பொறுக்குங்கள். அள்ளிப்போடப் பனையோலைக் கடகம் நல்லது. வெயிலில் கிடந்த உரப்பை என்றால் அதுவே வழியெல்லாம் நார் நாராக உதிரும். பொறுக்கி முடியும்வரை ஜேசிபியை இறக்க விடாதீர்கள்.

கொளுத்தவே வேண்டாம். புகை ஒருபுறம், உருகிய கட்டியும் சாம்பலும் குளத்திலேயே கிடக்கும். புதைக்கவும் வேண்டாம். வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிற ஊர் நம்முடையது. குளத்தில் தேங்கும் நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறுகளுக்கு வருகிறது. பிரதேச சபையோடு முன்கூட்டியே நாள் பேசி, அள்ளியதை அன்றே ஏற்றிவிடுங்கள்.

சரி, கிணறு. மண் நிறையப் பிளாஸ்டிக் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் உள்ள இடங்களில் அந்த வடிகட்டல் குறைவு. இதற்கு நம் கேத்திலில் படியும் வெள்ளைப் படிவே உதவுகிறது. 2024 இல் சீன ஆய்வாளர்கள் சுண்ணாம்பு மிகுந்த கடின நீரை 5 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டியபோது, பிளாஸ்டிக் நுண்துகள்கள் 90 வீதம்வரை குறைந்தன. படியும் கல்சியம் காபனேற்று துகள்களையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் வடித்தெடுங்கள்.

ஆனால் குளமும் தோட்டமும் பக்கத்தில் உள்ள கிணற்றில் நான் முதலில் பார்ப்பது நைத்திரேற்றை. உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருவது அது. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீர் கூடாது. ஆய்வுகூடத்தில் கிணற்று நீர் மாதிரி ஒன்று கொடுத்து, நைத்திரேற்று அளவைப் பார்த்த பிறகு குடிப்பதைத் தீர்மானியுங்கள்.