ஒபாமாவை மிஞ்சிய நகராட்சி மேனேஜர்

கேள்வி: அமெரிக்க ஊர்கள் பலவற்றில் மேயரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, சம்பளத்துக்கு ஒரு மேனேஜரை வைத்து நகராட்சியை நடத்துகிறார்களாமே? அரசியல்வாதிகளின் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருக்குமே! (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: நடத்துகிறார்கள். டல்லாஸ், ஃபீனிக்ஸ் போன்ற பெரிய நகரங்களே அப்படித்தான். மக்கள் கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சில் மேனேஜரை வேலைக்கு எடுக்கும். வரியும் பட்ஜெட்டும் கவுன்சில் கையில். அதிகாரிகளை நியமிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் மேனேஜர் பாடு. அவரைப் பிடிக்காவிட்டால் தேர்தல்வரை காத்திருக்க வேண்டாம், கவுன்சிலே அனுப்பிவிடலாம். 1913 வெள்ளத்தில் மூழ்கிய டேட்டன் நகரம் இந்த முறைக்கு மாறி, பனாமா கால்வாய் வெட்டிய கோதல்ஸையே மேனேஜராகக் கூப்பிட்டுப் பார்த்தது. மனிதர் வரவில்லை.

அது கிடக்கட்டும். ‘சம்பளத்துக்கு’ என்றீர்களே, அதற்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஏழைகள் வாழும் சின்ன ஊர். சுமார் 36,000 பேர். அதன் மேனேஜர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் வாங்கியது 2010-ல் அம்பலமானது. அப்போது ஒபாமாவுக்கு 4 லட்சம். அவருக்கு ஈராக், ஆப்கானிஸ்தான், உலகப் பொருளாதாரம். இவருக்குத் தெருவிளக்கு, சாக்கடை. பேசாமல் பெல் நகராட்சிக்கு ஒரு மனுப் போட்டிருக்கலாம் ஒபாமா.

தட்டிக்கேட்க வேண்டிய கவுன்சிலர்கள்? பகுதிநேர வேலைதான், ஆனால் ஐவரில் நால்வருக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர். ஐந்தாமவருக்கு மட்டும் 8 ஆயிரம். பாவம், அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும்! இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது 2005-ல் நடந்த ஒரு வாக்கெடுப்பு. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்த வரம்பிலிருந்து ஊர் அதில் விலகிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 400 பேர்கூட இல்லை. உள்ளாட்சித் தேர்தலன்று ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டு, ‘ஊரை எம்.பி.ஏ. படித்தவரிடம் ஒப்படையுங்கள்’ என்று மாதந்தோறும் எனக்குக் கடிதம் எழுதும் அன்பர் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும்.

ரிஸோவுக்கு 2014-ல் 12 ஆண்டு சிறை. பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தார். ஒன்றின் பெயருக்கு பிரெஞ்சில் ‘பணத்தைச் செலவழிப்பது’ என்று அர்த்தமாம். அந்தக் குதிரை ஜெயித்ததா என்று கேட்டு யாரும் கார்டு போட வேண்டாம். ரேஸ் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. கிண்டிக்காரர்கள் சிலர் கேட்பதாக இல்லை.