மிடாசோலம் ஓடுது, பிபி நார்மல், ஆனா திருப்பினா முகம் சுளிக்கிறார்

வலிதான் சிஸ்டர். மிடாசோலம் ஓடும்போதும் உங்க பேஷண்ட் ஏன் வென்டிலேட்டரோட சண்ட போடுறார்னு கேட்டீங்களே, அது தூங்கத்தான் வைக்கும், வலிய எடுக்காது. டோஸ ஏத்திக்கிட்டே போனா அசைய மாட்டார், அவ்ளோதான், வலி உள்ள அப்படியே இருக்கும்.

பிபி நார்மல்ங்கறத வச்சு வலி இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. ஏறினா சந்தேகப்படலாம், ஏறலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.

இன்னைக்கு டியூட்டில சிபிஓடி (CPOT) ஸ்கோர் போட்டுப் பாருங்க, வாயால சொல்ல முடியாத பேஷண்டோட வலிய அளக்கறது. முகம், உடம்பு அசைவு, கைய மடக்கி நீட்டும்போது இறுக்கம், வென்டிலேட்டரோட ஒத்துப்போறாரா, நாலுக்கும் 0லேர்ந்து 2, மொத்தம் 8. சும்மா படுத்திருக்கும்போது ஒரு தடவ, திருப்பும்போது ஒரு தடவ. 3ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டர்கிட்ட நம்பராவே சொல்லுங்க, "வலிக்குது போல"ன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க, "ரெஸ்ட்ல 1, டர்ன் பண்ணா 5"ன்னா ஆர்டர் வரும். வலி மருந்து ஃபென்டனில் எழுதியிருந்தா சக்‌ஷனுக்கும் திருப்பறதுக்கும் சில நிமிஷம் முன்னாடியே குடுங்க, துடிக்க விட்டுட்டு அப்புறம் குடுத்து என்ன பிரயோஜனம். குடுத்துட்டு பிபியும் பாத்துக்கோங்க, திரும்ப ஸ்கோரும் போடுங்க.

ஆனா முதல்ல ட்யூப்ல சளி அடைப்பு, யூரின் கதீட்டர் மடிப்பு பாத்துடுங்க. என் பேஷண்ட் ஒருத்தர் புருவம் நெரிச்சு பெட்ஷீட்ட இறுக்கிப் புடிச்சுட்டே இருந்தார், பாத்தா கதீட்டர் தொடைக்கு அடியில மாட்டி அடிவயிறு கல்லு மாதிரி இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு, வெக்குரோனியம், அட்ராக்யூரியம் மாதிரி உடம்ப அசைய விடாத மருந்து எதாவது ஓடினா இந்த ஸ்கோர் செல்லாது, 0 வந்தாலும் நம்பாதீங்க, வலி இருக்குன்னே வச்சு வலி மருந்து ஓடுதான்னு கேளுங்க.