ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரை நான்கு பேர் பயன்படுத்தினால் தனித்தனி யூசர்களையும் குழுக்களையும் எப்படி உருவாக்குவது?

குன்னூரில் சின்ன ஆபீஸ், ஒரு உபுண்டு கம்ப்யூட்டர், நான்கு பேர், எல்லோருக்கும் ஒரே லாகின். ஆளுக்கு ஒரு யூசர் வேண்டும், ஆனால் சில ஃபோல்டர்கள் பொதுவாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையைக் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் செய்து, கையைச் சுட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து செய்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போனில் தமிழ் கீபோர்டில் எழுதுவதால் கட்டளைகளும் தமிழ் எழுத்திலேயே இருக்கும். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். நான் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து.

அந்த பேக்டரி பெரிய எஸ்டேட்டுக்குச் சொந்தமானதல்ல. சுற்று வட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற இடம். வேன் வந்ததும் மூட்டையைத் தராசில் வைப்பார்கள். மழை நாளாக இருந்தால் ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழிப்பார்கள். இந்தக் கழிவுதான் அங்கே பாதிச் சண்டைக்குக் காரணம். ஒரு நாள் ஒரு விவசாயி வந்து நின்றார்: "நான் பார்க்கும்போது மூணு கிலோ கழிச்சீங்க, சீட்டுல ஏழு போட்டிருக்கு." கோப்பைத் திறந்து பார்த்தால் ஏழுதான் இருக்கிறது. யார் அடித்தது? எடை போடும் இருவர், கணக்கு பார்க்கும் அக்கா, முதலாளியின் மகன், நான்கு பேரும் 'ஆபீஸ்' என்ற ஒரே யூசரில்தான் நுழைகிறார்கள். கோப்பின் உரிமையாளர் பெயரும் 'ஆபீஸ்'. கம்ப்யூட்டரைக் கேட்டால் அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நேராக டெர்மினலைத் திறந்தது முதல் தப்பு. நீங்கள் முதலில் ஒரு தாளை எடுங்கள். இடது பக்கம் ஆட்கள், மேலே ஃபோல்டர்கள். யார் எதைப் படிக்கலாம், யார் எதில் எழுதலாம் என்று கட்டம் போடுங்கள். யூசர் என்பது ஆளுக்கு, குழு என்பது வேலைக்கு. 'எடைக்காரர்' என்று யூசர் பெயர் வைத்தால் இருவர் அதில் நுழைவார்கள், பழைய கதைதான். ஆளின் பெயரிலேயே யூசர் போடுங்கள். வேலையின் பெயரைக் குழுவுக்கு வையுங்கள். எங்கள் தாளில் இரண்டே குழுக்கள் தேறின: இலை, வரவு. எடை போடுகிறவர்கள் 'இலை' குழுவில் மட்டும். அக்காவும் முதலாளி மகனும் இரண்டிலும்.

இனி கட்டளைகள். உபுண்டுவிலும் டெபியனிலும் யூசர் உருவாக்க இரண்டு கட்டளைகள் உண்டு, பெயரைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும்: ஆட்யூசர், யூசர்ஆட். முதலாவது கேள்வி கேட்டு, ஆளின் சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் ஃபோல்டர் உருவாக்கி, பாஸ்வேர்டும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது சொன்னதை மட்டும் செய்யும். டெபியன் குடும்பத்தில் '-எம்' என்று சேர்க்காவிட்டால் ஹோம் ஃபோல்டர்கூட வராது. ரெட்ஹாட், ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ் வகைகளில் யூசர்ஆட் தானாகவே ஹோம் ஃபோல்டரை உருவாக்கிவிடும். அங்கே ஆட்யூசர் என்பது அதற்கே இன்னொரு பெயர்தான். உங்களுடையது உபுண்டு, அதனால் 'சூடோ ஆட்யூசர்', ஓர் இடைவெளி, ஆளின் பெயர். போதும். முன்னால் வரும் சூடோ, கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடச் செய்வது. முழுப்பெயர், அறை எண், போன் எண் என்று கேட்கும்; எல்லாவற்றையும் என்டர் தட்டித் தாண்டலாம்.

இந்த விவரம் எல்லாம் ஈடிசி ஃபோல்டரில் பாஸ்வேர்டு கோப்பில் ஆளுக்கு ஒரு வரியாக உட்காரும். கோப்பின் பெயரில் 'வேர்டு' என்பதில் வரும் ஓ, ஆர் இரண்டும் கிடையாது, தேடும்போது நினைவிருக்கட்டும். ஒரு வரியில் ஏழு பகுதிகள், நடுவே முக்காற்புள்ளி: பெயர், ஒரு எக்ஸ், யூசர் எண், குழு எண், முழுப்பெயர் விவரம், ஹோம் ஃபோல்டர், கடைசியில் ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கிச் செய்யும் புரோகிராம். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த எக்ஸ். நிஜமானது உருமாற்றப்பட்டு ஷேடோ என்ற வேறு கோப்பில் இருக்கிறது, சாதாரண யூசரால் அதைப் படிக்க முடியாது. முழுப்பெயர் இருக்கும் பகுதிக்கு ஜீகாஸ் என்று பெயர். ஒரு காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஜீகாஸ் என்ற வேறொரு சிஸ்டத்துக்கு பிரிண்ட் வேலை அனுப்ப, அதற்குரிய அடையாளத்தை இங்கே எழுதி வைத்தார்களாம். அந்த சிஸ்டம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது மூன்றாவது பகுதி, யூசர் எண். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற யூசருக்கு 0. மனிதர்களுக்கு 1000 முதல். கம்ப்யூட்டருக்கு ஆளின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். கோப்பின் மேல் எழுதப்படுவதும் அந்த எண்தான். கடைசியில் இது நம்மைக் கடிக்கப் போகிறது.

ஒவ்வொருவருக்கும் தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, 'சூடோ சேஜ் -டி 0', பிறகு யூசர் பெயர் என்று அடியுங்கள். சேஜ் என்பதற்கு எழுத்துகள் சி, எச், ஏ, ஜி, இ. டி என்று நான் சொல்வது இங்கும் இனியும் டெல்லியில் வரும் டி. முதல் முறை நுழைந்ததும் புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ஒருவர் அதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார். அதற்கு லினக்ஸில் கட்டளை இல்லை.

அடுத்தது குழு. 'சூடோ குரூப்ஆட் இலை', 'சூடோ குரூப்ஆட் வரவு'. பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஆட்களைச் சேர்க்க 'சூடோ யூசர்மாட் -ஏஜி இலை', பிறகு யூசர் பெயர். ஏ சிறியது, ஜி பெரியது.

அந்தச் சின்ன ஏ-யைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அது இருந்தால் 'ஏற்கெனவே இருக்கிற குழுக்களோடு இதையும் சேர்' என்று பொருள். இல்லாவிட்டால் 'இதை மட்டும் வை, மற்றதையெல்லாம் எடு' என்று பொருள். சோதித்துப் பார்க்க 'ஆபீஸ்' யூசரையும் இலைக் குழுவில் போடலாம் என்று நான் ஏ இல்லாமல் அடித்துவிட்டேன். அந்த கம்ப்யூட்டரில் சூடோ அதிகாரம் இருந்த ஒரே யூசர் அதுதான். உபுண்டுவில் அந்த அதிகாரம் வருவதே 'சூடோ' என்ற குழுவில் இருப்பதால்தான். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் நுழைந்திருந்த செஷன் பழைய குழுக்களை அப்படியே வைத்திருக்கும். வேலை முடிந்தது என்று கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மறுநாள் காலை லாகின் செய்து சூடோ அடித்தால், நீ சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் கோப்பு) இல்லை என்கிறது. வெளியே இலை வேன் ஹாரன் அடிக்கிறது.

மீண்ட வழியைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் ஒரு நாள் உதவும். ரீஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டர் எழும்போது எஸ்கேப் பட்டனைத் தட்ட வேண்டும். பழைய பயாஸ் வகை கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரிகவரி மோடு, அதற்குள் ரூட் ஷெல். அங்கே 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு. இது டிஸ்கில் எழுத அனுமதி தரும். பிறகு 'யூசர்மாட் -ஏஜி சூடோ ஆபீஸ்', இந்த முறை ஏ-யோடு. ரீஸ்டார்ட். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வந்த இன்னொரு பயம்: பாஸ்வேர்டே இல்லாமல் நான் ரூட் ஆகிவிட்டேனே, மெஷினுக்குப் பக்கத்தில் வருகிற யாரும் இதைச் செய்யலாமே! தராசுக் கொட்டகையில் கிடந்த அந்தப் பெட்டியை ஆபீஸ் அறைக்கு மாற்றிப் பூட்டச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஆகவே, எதையும் தொடுவதற்கு முன் சூடோ அதிகாரத்தோடு இரண்டாவது யூசர் ஒன்று போட்டுவிடுங்கள். குழுவில் சேர்க்கவும் இன்னும் பத்திரமான வழி உண்டு: 'சூடோ ஜீபாஸ்டபிள்யூடி -ஏ', யூசர் பெயர், குழுப் பெயர். அதில் ஏ-யை மறந்தாலும் யாரும் குழுவிலிருந்து வெளியே விழ மாட்டார்கள். நீக்க அதே கட்டளையில் -டி. சேர்த்த பிறகு அந்த ஆள் லாக்அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். 'ஐடி' என்று அடித்தால் எந்தெந்தக் குழு என்று காட்டும்.

முதலாளி மகன் தனக்கும் சூடோ வேண்டும் என்றார், 'நம்ம பேக்டரிதானே' என்று. சூடோ என்பது எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதி மட்டுமல்ல, எல்லாவற்றையும் அழிக்கும் அனுமதியும்கூட. அவருக்குத் தேவை பார்ப்பது. இரண்டு குழுவிலும் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

இப்போது ஃபோல்டர்கள். எஸ்ஆர்வி என்ற ஃபோல்டருக்குள் இலை, வரவு என்று இரண்டை உருவாக்கி, 'சூடோ சிஎச்ஜிஆர்பி' கட்டளையால் அந்தந்தக் குழுவின் பெயருக்கு மாற்றுங்கள். அடுத்து அனுமதி எண். வரவு ஃபோல்டருக்கு 'சூடோ சிஎச்மாட் 2770'. நடுவே உள்ள 7-கள் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, கடைசி 0 மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் 2-தான் முக்கியம்: உள்ளே யார் புதுக் கோப்பு உருவாக்கினாலும் அது ஃபோல்டரின் குழுவுக்கே சேரும். அது இல்லாவிட்டால் அக்கா உருவாக்கிய கோப்பு அக்காவின் சொந்தக் குழுவுக்குப் போகும், முதலாளி மகனால் எழுத முடியாது. ஒரு சின்ன விஷயம்: வேறு இடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்த கோப்பு பழைய குழுவோடேயே வரும். நகல் எடுத்துப் போட்டால்தான் புதிய குழு.

இதோடும் முடியவில்லை. புதுக் கோப்பில் குழுவுக்கு எழுத அனுமதி உண்டா என்பதை யூமாஸ்க் என்ற அமைப்பு எண் தீர்மானிக்கும். 002 என்றால் உண்டு, 022 என்றால் படிக்க மட்டும். ஆளுக்கு ஆள் இது மாறினால் தலைவலி. அதனால் ஃபோல்டரிலேயே எழுதி வைத்துவிடலாம்: 'சூடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி::ஆர்டபிள்யூஎக்ஸ்', பிறகு வரவு ஃபோல்டரின் முகவரி. இதன் பிறகு அங்கே உருவாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் பொருட்டில்லை.

இலை ஃபோல்டருக்கும் இதையே செய்தேன், அதுதான் இரண்டாவது தப்பு. ஒருவர் எழுதிய எடையை இன்னொருவர் திருத்த முடிந்தால் பழைய சண்டை அப்படியே இருக்கிறது. கோப்பின் உரிமையாளர் பெயர் அதை உருவாக்கியவரைத்தான் சொல்லும், நடுவில் ஏழு என்று மாற்றியவரைச் சொல்லாது. அதனால் ஒரு ஷிப்டுக்கு ஒரு கோப்பு, எடை போட்டவரே உருவாக்க வேண்டும், மற்றவர்கள் படிக்க மட்டும் என்று மாற்றினோம். ஃபோல்டருக்கு 3770. அந்த 3-இல் முன்பு சொன்ன 2-உம், கூடவே ஒரு 1-உம் இருக்கிறது. அந்த 1 இருந்தால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது, எல்லோரும் எழுதக்கூடிய டெம்ப் ஃபோல்டரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் ஆர்டபிள்யூஎக்ஸ் என்பதற்குப் பதில் ஆர்எக்ஸ். உள்ளே ஏற்கெனவே கிடக்கும் கோப்புகளை இது தொடாது, அவற்றை சிஎச்மாடால் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக, ஆள் வேலையை விட்டுப் போகும்போது. எடை போட்டவர்களில் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். நம் மலையில் இது புதிதல்ல. அவர் யூசரை 'டெல்யூசர்' என்று அடித்து நீக்கினேன். அந்தக் கட்டளை அவர் ஹோம் ஃபோல்டரைத் தொடாது, அப்படியே விட்டுவிடும். பின்னால் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார், ஆட்யூசர் அடித்தேன். காலியாக இருக்கும் முதல் எண்ணை அது எடுத்துக்கொடுக்கும். காலியாக இருந்தது போனவருடைய 1002.

மறு வாரம் அந்தத் தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, இந்த ஃபோல்டர்ல யாரோ ஒருத்தரோட பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கு, எனக்குத் திறக்குது" என்றார். அதைவிட மோசம் இலை ஃபோல்டரில். போன வருடம் போட்ட கழிவுக் கோப்புகள் எல்லாம் இந்தத் தம்பி பெயரில் நின்றன. அப்போது அவர் அந்த பேக்டரி வாசலைக்கூட மிதித்ததில்லை.

போனவர் பெயரில் திரும்ப ஒரு யூசர் போட்டு, வேறு எண் கொடுத்து, 'யூசர்மாட் -எல்' என்று பெரிய எல் போட்டுப் பூட்டினேன். அது பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டும், நெட்வொர்க் வழியாகப் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் நுழைந்துவிடலாம். அதனால் 'சேஜ் -இ 0' என்று பெரிய இ போட்டுக் கணக்கையே காலாவதியாக்கினேன். பிறகு ஃபைண்ட் கட்டளையில் '-யூஐடி 1002' என்று கொடுத்து, தம்பி சேர்ந்த தேதிக்கு முந்தைய கோப்புகளை மட்டும் பொறுக்கி, போனவர் பெயருக்கு மாற்ற ஒரு மத்தியானம் ஆனது. நீங்கள் நீக்கவே நீக்காதீர்கள், முதலிலேயே பூட்டி வையுங்கள்.