வேர்ப் பங்கசு: மூன்று பக்கெற்றுகளில் எதை வாங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மொட்டைமாடியில் முப்பது பைகளில் தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பி மிளகாய், கத்தரி, கோவா, பீற்றூட், முளைக்கீரை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று பக்கெற்றுகள் காட்டினார்கள். ஒன்று மைகோரைசா, மற்றது ட்ரைக்கோடெர்மா. மூன்றாவதில் பன்னிரண்டு வகைப் பங்கசு கலந்திருக்கிறதாம், விலையும் அதற்குத்தான் கூட. எதை வாங்குவது? வவுனியாவில் அண்ணாவின் தோட்டத்துக்கும் சேர்த்து எடுக்கலாமா?"

பக்கெற்றைப் பார்க்கும் முன் பைகளைப் பிரித்துவிடுங்கள். கோவா, கடுகு, முள்ளங்கிக் குடும்பமும், பீற்றூட், முளைக்கீரை, பொன்னாங்காணிக் குடும்பமும் வேர்ப் பங்கசை, அதாவது மைகோரைசாவை, பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அந்தப் பைகளில் எவ்வளவு கொட்டினாலும் காசுதான் கரையும். மிளகாய், கத்தரி, தக்காளி, சோளம் ஆகியவை இதை வரவேற்பவை. வேர் குறைந்த வெங்காயத்துக்கு இன்னும் நல்லது.

காரணம் பொஸ்பரஸ். அது மண்ணில் இலேசில் நகராது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீற்றருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் செடி பட்டினி கிடக்கும். மைகோரைசா வேரின் கலங்களுக்குள் நுழைந்து குட்டி மரம்போலக் கிளைவிடும். வெளியே அதன் இழைகள் பல சென்ரிமீற்றர் தூரம் ஓடிப் பொஸ்பரசைக் கொண்டுவந்து சேர்க்கும். கூலியாகச் செடி சீனியும் கொழுப்பும் கொடுக்கிறது. பொஸ்பரஸ் பசளையை அள்ளிப் போட்டால் செடி இந்தக் கூலியாளைத் தேடாது. ஆகவே முச்சுப்பர் பொஸ்பேற்றையும் பங்கசையும் ஒன்றாக இடுவது வீண்வேலை. கோழி எருவிலும் பொஸ்பரஸ் அதிகம், கவனியுங்கள்.

ட்ரைக்கோடெர்மா வேறு சாதி. அது மண்ணில் தானே வாழ்ந்து, நாற்றழுகலை உண்டாக்கும் பங்கசுகளுடன் மல்லுக்கட்டும். நாற்றுகள் அடியில் கறுத்துச் சாய்கின்றன என்றால் அதை வாங்குங்கள். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பெருக்கலாம் என்று சொல்வது இதற்குத்தான் பொருந்தும். மைகோரைசா உயிருள்ள வேர் இல்லாமல் பெருகவே பெருகாது. "வாளியில் ஏழு நாள் வைத்தால் பத்து மடங்காகும்" என்று விற்பவர் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பன்னிரண்டு வகைக் கலவையின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். பிசோலித்தஸ், ரைசோபோகன் என்று இருந்தால் அவை பைன், யூக்கலிப்டஸ் போன்ற மரங்களின் வேருக்கு உரியவை. மலைநாட்டுப் பைன் காட்டுக்கு வேண்டுமானால் உதவும், உங்கள் மிளகாய்க்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. உங்களுக்கு வேண்டிய பெயர் ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ், அல்லது ஃபனலிஃபோர்மிஸ் மொசே. பழைய பக்கெற்றுகளில் இரண்டும் குளோமஸ் என்ற பெயரில் இருக்கும். ஒரு கிராமில் எத்தனை வித்திகள், காலாவதித் திகதி எது என்பது அச்சிடப்படாவிட்டால் வேண்டாம். கொழும்பு வெயிலில் கடை வாசலில் தொங்கிய பக்கெற்றும் வேண்டாம்.

வாங்கியதைப் பையின் மேல் தூவாதீர்கள். வேரில் படவேண்டும். நாற்று நடும் குழிக்குள் தூளைப் போட்டு, வேரை அதன்மேல் வைத்து மூடுங்கள். விதைப்பதானால் விதைக்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில் போடுங்கள். கார்பென்டசிம் என்ற பங்கசுகொல்லி பூசிய விதையோடு சேர்க்கக்கூடாது. நான் ஒருமுறை அந்தத் தவறைச் செய்துவிட்டு, ஆறு கிழமைகளாகச் செடியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தும்புத்தூளில் இந்தப் பங்கசு இயல்பாக இருக்காது. அதனால்தான் உங்கள் பைகளில் பக்கெற்றுக்கு வேலை இருக்கிறது. அண்ணாவின் தோட்டக் கதை வேறு. பயிர் நின்ற நிலத்தில் உள்ளூர்ப் பங்கசுகள் ஏற்கெனவே குடியிருக்கும், புதிதாக இடுவதால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. மேல்மண்ணை வழித்தெடுத்த துண்டோ, நெடுநாள் தரிசாக வெறுமனே கிடந்த துண்டோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அதற்கும் பக்கெற் தேவையில்லை. புல் வளர்ந்த வரப்பிலிருந்து ஒரு சட்டி மண் எடுத்து, மணலோடு கலந்து, அதில் சோளம் விதைக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மாதத்தில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, வேரைத் துண்டுதுண்டாக நறுக்கி அந்த மண்ணோடு சேர்த்து நாற்றுமேடையில் இடலாம். தக்காளியோ மிளகாயோ வாடிச் செத்த இடத்து மண்ணை மட்டும் எடுக்கவேண்டாம், வாடல் நோயும் கூடவே வந்துவிடும்.